கொப்பி கேட்ட மரக்கோப்பைக்காரர்

கண்டி மார்க்கெட்டுக்கு வெளியே சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, கொத்தலஹிம்புட்டு என்ற மூலிகைக் கட்டையில் கடைந்த மரக்கோப்பை விற்றவரை எல்லோரும் அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்பார்கள். கோப்பையில் இரவு ஊற்றிய தண்ணீர் மரச்சாறு இறங்கிச் சிவந்திருக்கும். காலையில் குடிக்க வேண்டும். அவருடைய இடது பாதத்தில் இரண்டு விரல்கள் இல்லை. யார் வந்தாலும் முதலில் டாக்டர் மருந்து எழுதிக்கொடுக்கும் கிளினிக் கொப்பியைக் கேட்பார்.

“கொப்பி எதுக்கு நானா? டாக்டர் தந்த குளிசையை நிப்பாட்டிட்டேன். இது இயற்கை மருந்துதானே” என்றேன்.

எடுத்த கோப்பையைத் திரும்பச் சாக்கில் வைத்தார். “அப்பிடியெண்டா தரமாட்டேன் தம்பி. டாக்டருக்குச் சொல்லிட்டு, குளிசையோடதான் இது. நானும் உங்களைப்போல நிப்பாட்டினவன்.” தன் பாதத்தைப் பார்த்தார்.

விற்க வந்தவருக்கு இவ்வளவு கர்வமா என்று கோபமாகத் திரும்பினேன்.

அடுத்த மாதம் கிளினிக்கில் அவரும் இருந்தார். என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார். உட்கார்ந்திருந்த வாங்கில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.