மாமா வரைந்த சிவப்புக் கிளி

இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் மகன், வீட்டுப்பாட நோட்டில் மாமரத்துக்குக் காவி நிறத்தில் இலையும் பச்சை நிறத்தில் அடிமரமும் போட்டு வைத்திருந்தான். டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார்கள். மதுரையில் ஒரு கண் டாக்டரிடம் கூட்டிப் போனேன். புள்ளி புள்ளியாகப் படம் போட்ட புத்தகத்தை அவனிடம் விரித்துக் காட்டிவிட்டு, சிவப்பும் பச்சையும் இவனுக்குப் பிரித்துத் தெரியாது, பயப்பட ஒன்றுமில்லை, இது அம்மா வழியில் வருவது, உங்கள் அம்மா வீட்டில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். சத்தியம் பண்ணாத குறையாக இல்லவே இல்லை என்று சொன்னேன். எங்கள் அம்மாவின் தம்பி டிவியில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவராக்கும் என்று பெருமை வேறு பீற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அருப்புக்கோட்டைக்குப் போன் போட்டேன். மாமாவின் மனைவி, எங்கள் அத்தைதான் எடுத்தாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"உங்க மாமாவுக்கும் அப்படித்தான்டி," என்றாள். "எனக்கு மட்டுந்தான் தெரியும். அவுககிட்டக் கேட்டுறாத."

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது நடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை இருபது வருஷத்துக்கு மேலாக நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மாமா நூல்கடை வீட்டுப் பிள்ளை. தாத்தாவுக்கு அருப்புக்கோட்டையில் வியாபாரம். சாயம் போட்ட நூலைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்து, தறி வைத்திருப்பவர்கள் கேட்கிற கலரைப் பொட்டலம் கட்டி அனுப்புவார்கள். பள்ளிப் படிப்பு முடிந்ததும் மாமாவைக் கடையில் உட்கார வைத்தார் தாத்தா. அரக்குக் கேட்டவருக்குப் பச்சை போனது. பச்சை கேட்டவருக்குக் காவி போனது. போன பொட்டலம் போன பஸ்ஸிலேயே திரும்பி வந்தது. மூன்றாம் தடவை ஒரு கல்யாணச் சேலை ஆர்டர் கெட்டுப்போனதும், கவனம் இல்லாத பய என்று எல்லார் முன்னாலும் சொல்லி அவரைக் கடையைவிட்டு இறக்கிவிட்டார் தாத்தா. அதன்பிறகு எங்கள் சொந்தத்தில் எந்தப் பிள்ளை எதைத் தொலைத்துவிட்டு வந்தாலும், மாமா மாதிரி ஆகிவிடாதே என்று சொல்லித்தான் அடி விழும்.

பிறகு கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் வேலைக்குப் போனார். அங்கே எல்லாம் கறுப்பு மைதான். கல்யாணத்துக்கு வாழைமரம், காதுகுத்துக்கு யானை என்று வரைந்துகொண்டிருந்தார். ஒருநாள், ஊருக்குள் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த அண்ணாச்சி, மகளின் சடங்குக்குப் பத்திரிகை அடிக்க வந்திருக்கிறார். கூட வந்த பொடியன் அழுது ஊரைக் கூட்ட, மாமா அவன் முன்னால் ஒரு தாளைப் போட்டுச் சேவல் வரைய, பயல் வாயை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம மாடிக்கு வாங்க தம்பி என்று அண்ணாச்சி அங்கேயே சொல்லிவிட்டார். இப்படித்தான் மாமா டிவிக்காரர் ஆனார்.

'வரஞ்சு பாப்பமா' என்று நிகழ்ச்சிக்குப் பெயர். ஞாயிறு பத்து மணிக்கு அருப்புக்கோட்டையிலும் சுத்துப்பட்டிலும் ஒரு பிள்ளையைத் தெருவில் பார்க்க முடியாது. எல்லாப் பிள்ளைகளும் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டன. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எனக்குத்தான் மாமா, இதுகளுக்கு என்ன வந்தது என்று திருச்சுழியில் எங்கள் வீட்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன்.

நிகழ்ச்சியில் முதலில் தடித்த கறுப்புப் பேனாவால் கோடு போடுவார். கோடு என்றால் கோடு, கை நடுங்காது, அழிக்க மாட்டார். முடித்ததும், இப்பக் கலர் குடுப்பமா என்று கேட்டுவிட்டு, கேமராவுக்கு வெளியே ஒரு பார்வை பார்ப்பார். அங்கே அத்தை உட்கார்ந்திருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் இவனால் ஒரு கத்தரிக்காய்க்குக்கூடக் கலர் கொடுக்க முடியாது என்று எங்கள் அம்மா கேலி பேசுவாள். பேச்சுக்குச் சொன்னாள். அது அட்சரம் பிசகாத உண்மை என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அத்தை ரவிக்கைத் துணியில் நீளமாக ஒரு பட்டை தைத்திருந்தாள். அதில் வரிசையாகப் பன்னிரண்டு பை, பைக்கு ஒரு கிரேயான். ஒரு ஓரத்தில் வெள்ளைப் பொத்தான் இருக்கும். பொத்தானிலிருந்து முதலாவது சிவப்பு, ஐந்தாவது பச்சை, ஒன்பதாவது காவி. அந்த வரிசை மாறவே மாறாது. பட்டையை எடுப்பது, விரிப்பது, மடிப்பது எல்லாம் அவள்தான். வேறு யாரையும் தொட விட மாட்டாள்.

நான் சொல்லவந்த ஞாயிறு, காலாண்டு லீவில் நான் மாமா வீட்டில் இருந்தபோது வந்தது. அந்த வாரம் நிகழ்ச்சியை நேரடியாக ஒளிபரப்புவது என்று ஏற்பாடு. பிள்ளைகள் போனில் கேட்கக் கேட்க மாமா வரைய வேண்டும். அதைப் பார்க்க மதுரையிலிருந்து ஒரு பெரிய சேனல்காரர் வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் மாமாவுக்கு அங்கே வேலை, மாதச் சம்பளம், ஜில்லா ஜில்லாவாக முகம் தெரியும். பிரஸ் வேலைக்கு முழுக்குப் போட்டுவிடலாம். தாத்தா காதுக்கும் விஷயம் போயிருந்தது. பார்ப்போம் என்று மட்டும் சொன்னாராம்.

அந்த நேரம் பார்த்து அத்தை ஆறு மாதம். படி ஏறக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். அண்ணாச்சியின் இடம் பாத்திரக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது. நாளைத் தள்ளிவைக்கச் சொல்லலாமா என்று அத்தை கேட்டாள். மதுரைக்காரரிடம் என்னவென்று சொல்வது என்றார் மாமா. கடைசியில் காலையில் பட்டையைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

"பொத்தான் மாமா கைப்பக்கமா இருக்கணும். யாரையும் தொட விடாத, என்ன?"

யாரையும் என்றால் மற்றவர்களைத்தானே. அதில் நானும் சேர்த்தி என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா அண்ணாச்சியோடு பேசிக்கொண்டிருக்கும்போது நான் மேசையில் பட்டையை விரித்தேன். அத்தையின் வரிசை எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரே ஜாதிக் கலரெல்லாம் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, இந்தக் கோடியில் வெளிச்சமாக, அந்தக் கோடியில் இருட்டாக. மதுரையிலிருந்து ஆள் வருகிற நாளில் இப்படியா? நான் கதம்பம் கட்டுகிற மாதிரி மாற்றி அடுக்கினேன். பச்சையை எடுத்து முதல் பையில் வைத்தேன், அதற்குப் பக்கத்தில் ரோஸ், அப்புறம் மஞ்சள், ஊதா, சிவப்பு. அடுக்கி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது, எனக்கே என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. அவ்வளவு ஆசையாகத்தான் அதைச் செய்தேன்.

சத்தம் மைக்கில் விழும் என்று ஃபேனை நிறுத்திவிட்டார்கள். வேர்த்துக் கொட்டியது. மதுரைக்காரர் பின்னால் ஒரு டிவிப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். அத்தையின் ஸ்டூலில் நான். முதல் போன் பரளச்சியிலிருந்து ஒரு பெண்பிள்ளை. கிளி வேண்டும் என்றாள்.

மாமா நாலே இழுப்பில் கிளியை உட்கார வைத்துவிட்டார். அது தலையைச் சாய்த்துக்கொண்டு நம்மையே பார்க்கிற மாதிரி இருந்தது. இப்பக் கலர் குடுப்பமா என்றார். வழக்கம்போலத் திரும்பி அத்தையின் ஸ்டூலைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குக் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. பலமாகத் தலையை ஆட்டினேன். அவர் பொத்தானிலிருந்து ஐந்தாவது பையில் கைவைத்துக் கிரேயானை உருவினார்.

கிளி சிவப்பாக வந்தது. இறக்கை சிவப்பு, கழுத்து சிவப்பு, நீள வாலும் சிவப்பு. மூக்குக்கு முதல் பையிலிருந்து எடுத்தார், அது பச்சையாக வந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாமா இன்றைக்கு என்னமோ புதிதாகச் செய்கிறார் என்று நினைத்தேன். டிவியில் வருகிற ஆள் தப்புப் பண்ணுவார் என்று ஒன்பது வயதில் யாருக்குத் தோன்றும்?

போனில் அந்தப் பிள்ளை கேட்டாள். "மாமா, கிளி ஏன் செவப்பா இருக்கு?"

மாமாவின் கை நின்றுவிட்டது. பட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட பிள்ளை மாதிரி இருந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நம்ம ஊரு வெயில்ல நாள்பூரா நின்னா கிளி செவக்காதா தாயி?" என்றார் மாமா. "சரி, நீ வரஞ்சா உன் கிளிக்கு என்ன கலரு குடுப்ப?"

அவள் யோசித்து, நீலம் என்றாள். நீலக்கிளியை வரைந்து அனுப்பு, அடுத்த வாரம் காட்டுவோம் என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பாளையம்பட்டிப் பயல் ஒருவன் ஊதா மாடு கேட்டான். இன்னொருத்தி மஞ்சள் யானை கேட்டாள். எந்தக் கலர் எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளிடமே கேட்க முடியாதே, மாமா அதற்குப்பிறகு எல்லாவற்றையும் கறுப்புக் கோட்டிலேயே வரைந்து, கலர் உங்கள் பாடு என்று விட்டுவிட்டார். அரைமணி நேரமும் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரே கொண்டாட்டம்.

மதுரைக்காரர் நல்ல மாதிரிதான் பேசினார். கோடு பிரமாதம் என்றார். ஆனால் பிள்ளைகள் பார்க்கிற நிகழ்ச்சி, கிளி பச்சையாக இருக்க வேண்டாமா, பெற்றவர்கள் கேட்பார்களே என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். அவர் சொல்லி அனுப்பவே இல்லை. அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். கிளி என்ன கலர் என்றுகூடத் தெரியாதா, பட்டையில் யாராவது கைவைத்தார்களா என்று மாமாவைப் பிடித்துக்கொண்டார். நான் மாற்றி அடுக்கியதுதான் காரணம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான்தான் என்று மாமா சொல்லிவிடுவாரோ என்று அவர் வாயையே பார்த்தேன்.

"நாந்தான் கவனிக்கல அண்ணாச்சி," என்றார் மாமா.

என்னைக் காட்டிக்கொடுக்காத மாமா என்று அந்த நிமிஷமே அவரைச் சாமி ஆக்கிவிட்டேன். இப்போது யோசித்தால் வேறு தெரிகிறது. பிள்ளை கலரை மாற்றிவிட்டாள் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணாச்சி கேட்கும் அடுத்த கேள்வி, மாற்றினால் என்ன, உமக்குக் கண் இல்லையா என்பதாக இருக்கும். அதைக் கேட்கவிடக் கூடாது என்று, தாத்தா கொடுத்த அந்தப் பழைய பட்டத்தையே தானாக எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் தாத்தா கடை. ஞாயிறு அரைநாள் திறந்திருக்கும். எங்கள் வண்டியைப் பார்த்ததும் தாத்தா படிக்கு வந்தார். கடையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி உண்டு. வியாபாரம் கெடும் என்று சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்துத்தான் பார்ப்பார்.

"கிளி நல்லாருந்துச்சுடா," என்றார்.

தாத்தா தன் மகனை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான். மாமா வண்டியை நிறுத்தாமல் காலை மட்டும் ஊன்றிக்கொண்டு, சரிப்பா, வாரேன் என்றார். தாத்தா முகத்தைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பினார். மதுரை வேலை கைநழுவியதற்கு வருத்தப்படுகிறார் போல என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நான் இறங்கி ஒதுங்கி நின்றேன். பட்டையை நான் தொட்டேனா என்று கேட்டார். தொட்டேன் என்றேன். அழுகை வந்துவிட்டது. அழாதே, அத்தையிடம் சொல்ல வேண்டாம், மாமாதான் கீழே கொட்டிவிட்டு மாற்றி எடுத்து வைத்ததாகச் சொல்லிக்கொள்வோம் என்று என் கண்ணைத் துடைத்துவிட்டார்.

பிறகு அவருடைய பையிலிருந்து பட்டையை எடுத்து வண்டி சீட்டின்மேல் விரித்தார்.

"நீ அடுக்குனது அழகா இருக்கா தாயி?"

"ரொம்ப அழகு மாமா."

"எப்படி அழகுன்னு சொல்லு."

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒவ்வொன்றாக விரலை வைத்துச் சொன்னேன். இது பச்சை, இதுக்குப் பக்கத்துல ரோஸ் என்று ஆரம்பித்தேன். அவர் குனிந்து என் விரல் போகிற இடமெல்லாம் பார்த்தார். சிவப்பில் நிறுத்தி அதைப் பையிலிருந்து உருவி, பச்சைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"இங்க பாருங்க மாமா, செவப்பையும் பச்சையையும் இப்படிப் பக்கத்துல வச்சாத்தான் ரெண்டும் பளிச்சுனு தெரியும்."

அவர் அந்த இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். இன்னொரு தடவை சொல்லு என்றார். டிவியில் வருகிற மாமாவுக்கே நான் கலர் சொல்லிக்கொடுக்கிறேன் என்ற பெருமை எனக்குப் பிடிபடவில்லை. அழுததெல்லாம் மறந்துபோய், முதல் பையிலிருந்து மறுபடியும் சொன்னேன்.