ஜாடிக்குள் இருந்த இன்னொரு இனம்

அந்தக் கண்ணாடி ஜாடி என் மேஜைக்கு வந்தபோது நான் வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதி. புனேயில் ஓர் அரசு விலங்கியல் அலுவலகத்தில் நான் ஆர்ட்டிஸ்ட். ஆய்வாளர்கள் கொடுக்கும் பிராணிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கறுப்பு மையில் வரைந்து கொடுக்க வேண்டும். கடலைப் பார்க்க மலையிறங்கிப் போக வேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, நான் வரைந்ததில் பாதி கடல் பிராணிகள்தான்.

ஜாடியில் ஸ்பிரிட்டில் ஊறியபடி ஏழு துறவி நண்டுகள் இருந்தன. அரபிக்கடலில் ஆராய்ச்சிக் கப்பல் ஒன்று ஆழத்தில் வலை இழுத்தபோது கிடைத்தவை. துறவி நண்டுக்கு முன்பாதிதான் ஓடு. பின்பாதி வெறும் சதை. அதனால் காலிச் சங்குக்குள் புகுந்துகொண்டு வாழும், வளர வளரப் பெரிய சங்காகத் தேடும். ஆழ்கடலில் பெரிய சங்குகளுக்குப் பஞ்சம். இந்த வகை நண்டுகள் சின்னச் சங்கில் குடியேறும். கடற்சாமந்திக்கு உறவான ஓர் உயிர் அந்தச் சங்கின்மேல் கூட்டமாகப் படர்ந்து, நண்டு வளரும்போது தானும் வளர்ந்து அதைப் போர்த்திக்கொள்ளும். வீடு மாற்றும் வேலையே இல்லை.

ஜாடியை எங்களுடைய நண்டு ஆய்வாளர் கொடுத்தார். ஐம்பதை நெருங்கிய மராட்டியப் பெண். எல்லாருக்கும் அவர் மேடம். ஏற்கெனவே தெரிந்த ஓர் இனத்தின் பெயரை லேபிளில் அவரே எழுதியிருந்தார். "ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வரைந்தால் போதும்" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

மைக்ராஸ்கோப்பின் மேல் ஒரு கண்ணாடியைப் பொருத்தினால் பிராணியும் நம் பென்சில் முனையும் ஒன்றாகத் தெரியும். அப்படியே கோட்டை இழுக்கலாம். முதல் நண்டை முடித்தேன். இரண்டாவதை வைத்துக் கோடு இழுத்தபோது கை நின்றது. முதல் நண்டின் கண், காம்பின் நுனியில் அகன்று குமிழாக இருந்தது. இதில் காம்பு நுனியை நோக்கிக் குறுகி, கண் வெறும் புள்ளியாக இருந்தது. பெரிய வலது கொடுக்கைப் பார்த்தேன். முதலாவதில் வழவழப்பு. இதில் வரிசையாகக் கூரிய முட்கள்.

ஏழையும் எடுத்துப் பார்த்தேன். நான்கு முதலாவதைப் போல, மூன்று இரண்டாவதைப் போல. மேடத்திடம் போய்ச் சொன்னேன்.

"வயசு வித்தியாசம் இருக்கும். இல்லாவிட்டால் ஆண் பெண் வித்தியாசம்" என்றார்.

"இல்லை மேடம். அந்த மூன்றிலும் ஆணும் இருக்கு, பெண்ணும் இருக்கு. அளவும் ஒன்றுதான்."

இனப்பெருக்கத் துளை பெண்ணுக்கு மூன்றாம் ஜோடிக் காலின் அடியிலும் ஆணுக்கு ஐந்தாம் ஜோடியிலும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.  மேடம் எழுந்து வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து குனிந்தார். அரைமணி நேரம் ஏழையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது, "ஜாடியைக் காலி பண்ணு" என்றார்.

அடியில் கிடந்த பஞ்சுக்குள் சுருண்டு இன்னொரு லேபிள் இருந்தது, பென்சிலில் எழுதியது. கப்பலின் பதிவேட்டோடு ஒப்பிட்டோம். இரண்டு வலைகளில் வந்ததை யாரோ ஒரே ஜாடியில் போட்டிருந்தார்கள். முதல் லேபிளில் இருந்த ஆழத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இரண்டாவதில். அங்கே சேற்றுத் தரை, சூரிய வெளிச்சம் துளியும் எட்டாத இருட்டு. கண் சிறுத்ததற்கு அர்த்தம் புரிந்தது.

"நான்தான் தப்பாகப் பெயர் வைத்தேன்" என்று மேடம் சொன்னார். மற்றவர்கள் இருந்த அறையில், எல்லாருக்கும் கேட்கும்படி.

அதன்பின் இரண்டு வருடம் ஓடியது. வெளிநாட்டு மியூசியங்களிலிருந்து நெருங்கிய இனங்களின் மாதிரிகளை இரவல் வாங்கி ஒப்பிட்டோம். இந்தக் குடும்பத்தில் செவுள் முக்கியம். அதன் ஒவ்வோர் இதழும் இரண்டாகப் பிரிந்திருக்கிறதா நான்காகவா என்று பார்க்க வேண்டும். புதிய இனம் என்று நாங்கள் எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் பரிசீலித்தவர் செவுள் படம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நான்கு முறை வரைந்தேன்.

திருத்திய கட்டுரை தயாரானபோது மேடம் என் பெயரையும் ஆசிரியராகப் போட்டார். அலுவலகத் தலைவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"ஆர்ட்டிஸ்ட்டுக்குக் கடைசியில் நன்றி சொல்வதுதான் வழக்கம்."

"ஜாடியில் இரண்டு இனம் என்று கண்டுபிடித்தது நான் இல்லை சார்" என்றார் மேடம். "இவள் பெயர் இல்லையென்றால் என் பெயரும் வேண்டாம்."

தலைவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.  

அச்சில் வந்த பிரதியை புனேயின் போபோடி பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து, ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"இத்தினி முள்ளும் நீ எண்ணி எண்ணிப் போட்டதாம்மா?"

"ஆமாம்ப்பா. ஒண்ணு கொறஞ்சாலும் தப்பு."

"ஒலகத்துல வேற யாரும் இத்த வரையலியா?"

"இதுக்கு முன்னால யாருக்கும் இது தெரியாதுப்பா."

 சாயங்காலம் அப்பா அந்தப் பிரதியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத நண்பர்களுக்குப் படங்களைக் காட்டி, "மாஜி முல்கி, என் பொண்ணு" என்று மராட்டியும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னார்.

சில வருடங்களில் மேடம் ஓய்வு பெற்றார். அதன்பின் ஒருநாள் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் ஒன்றிலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. கடலடிக்கு இறக்கிய கேமராவில் ஒரு நண்டு பதிவாகியிருக்கிறது, உங்கள் படத்தோடு பொருந்துகிறது, உறுதிசெய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். புகைப்படத்தைத் திறந்தேன். நான் அதுவரை பார்த்ததெல்லாம் ஸ்பிரிட்டில் வெளுத்த உடல்கள். இது செம்மஞ்சளாக இருந்தது. வெளிறிய ஊதா நிறப் போர்வையைச் சுமந்துகொண்டு, சேற்றில் தடம் பதித்து நடந்துகொண்டிருந்தது.

பெரிதாக்கிக் கண்காம்பைப் பார்த்தேன். கொடுக்கின் முட்களை ஒரு வரிசை முழுக்க எண்ணினேன். எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மறுபடியும் எண்ணினேன். பிறகு, அதே இனம்தான் என்று பதில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.