பெலாங்காஸ் கரையில் கட்டிய கயிறு

சனிக்கிழமை, பௌர்ணமி. பகல் பன்னிரண்டு மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டைப் பூட்டிவிட்டு ரயில் நிலையத்துக்கு நடந்தேன். போர்ட் கிள்ளானுக்கு மூத்தோர் பாதிக் கட்டணம், இரண்டு வெள்ளி எழுபது காசு. ஒன்றேகால் மணி நேரப் பயணம். அவசரமில்லை, கடல் ஆறு மணிக்குத்தான் முழுதாக ஏறி நிற்கும்.

போர்ட் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் இருக்கும் அருள்மேரியின் மகள்தான் என் மருமகள். சம்பந்தி வீட்டு விருந்துக்காக நான் போகவில்லை. அவர் செய்யும் வேலையைப் பார்க்கப் போனேன்.

நாலு வருஷமாக அவரும் அக்கம்பக்கத்துப் பெண்கள் நால்வரும் பெலாங்காஸ் எண்ணுகிறார்கள். கவிழ்த்த வாணலி போன்ற ஓடும், ஈட்டி போன்ற வாலும் உள்ள கடல் பிராணி அது. பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் நீர் ஏறும்போது, பெண்ணின் முதுகை ஆண் பற்றிக்கொண்டபடி கரைக்கு வந்து மணலில் முட்டையிடும். இவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்று, குழி பறிக்கும் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு புளியங்கொட்டையை டின்னில் போடுவார்கள். ஈரக்கையால் பேனா பிடிக்க முடியாதே. ஜோடியைத் தொடக்கூடாது, பிரிக்கக்கூடாது. பல்கலைக்கழக ஆய்வாளர் நபிலா வந்து கொட்டைகளை எண்ணி எழுதிக்கொள்வார். அந்தக் கரையில் மண் கொட்டி மேடாக்கப் பேச்சு நடக்கிறது. இங்கே முட்டையிடுகின்றன என்று எண்ணிக் காட்டினால்தான் கரை தப்பும்.

"சம்பந்தி, சேத்துல கால் வைப்பீங்களா? டைல்ஸ்லயே நடந்து பழகிட்டீங்க," என்றார் அருள்மேரி.

"ரப்பர் தோட்டத்துல அட்டை கடிச்ச காலு இது சம்பந்தி. வழிய காட்டுங்க."

ஐந்து மணிக்கு வாடகைக் கார் எடுத்தோம், பதினெட்டு வெள்ளி. "அங்க இன்னிக்கு பெரிய ஈவென்ட் லா ஆன்டி, மூணு பஸ் போச்சு," என்றார் ஓட்டுநர். அருள்மேரி என்னைப் பார்த்தார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கரை நெடுகக் கயிறு. நீலச் சட்டையில் நூறு பேருக்கு மேல். சமூகத்தோடு சேர்ந்து கடலைக் காக்கிறோம் என்று மலாயில் பெரிய பதாகை. அந்தச் சமூகத்துப் பெண்கள் நாலு பேரையும் காவலாளி ஏற்கெனவே கயிற்றுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். தூரத்து மூலையில்தான் கயிறு இல்லை. டின்னோடு அங்கே போய் நின்றார் அருள்மேரி.

நீர் ஏறியது. ஜோடி ஜோடியாகப் பெலாங்காஸ் வந்தன. நீலச்சட்டைக்காரர்கள் வாலைப் பிடித்துத் தூக்கினார்கள். முதுகிலிருந்ததைப் பிய்த்து எடுத்தார்கள். வாளியில் போட்டு, படகில் கொண்டுபோய் ஆழத்தில் வீசினார்கள். படம் எடுத்துக்கொண்டு கைதட்டினார்கள்.

நான் குனிந்து கயிற்றைத் தாண்டினேன். மைக் வைத்திருந்தவர் நம் தமிழ்ப் பிள்ளைதான்.

"என்னப்பா பண்றீங்க?"

"ரெஸ்கியூ ஆன்டி. கரையில மாட்டிக்கிச்சு. சின்னது வேற பெருச கடிச்சுப் புடிச்சிருக்கு. பிரிச்சு ஆழத்துல விடுறோம்."

"கடிக்கல. அது புருஷன். முட்டை போட வந்திருக்குங்க ரெண்டும். பிரசவத்துக்கு வந்தவள வாசல்லயே திருப்பி அனுப்பிட்டு கைதட்டுறீங்களே."

அவர் முகம் மாறியது. "யாரும் சொல்லலியே ஆன்டி."

"யாரக் கேட்டீங்க? தெரிஞ்சவங்க நாலு பேரு அந்தக் கயித்துக்குப் பின்னால நிக்கிறாங்க."

மைக்கில் நிறுத்தச் சொன்னார். அதற்குள் நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. அருள்மேரியின் டின்னில் மூன்று கொட்டைகள். போன பௌர்ணமிக்கு நாற்பத்தொன்று.

"நாங்க விட்டதே அறுபது ஜோடி இருக்கும் ஆன்டி. அறுபதுன்னு போட்டுக்குங்க," என்றார் அந்தப் பிள்ளை.

"குழி பறிச்சத மட்டும்தான் எண்ணுவோம்," என்றார் அருள்மேரி. "இன்னிக்குப் பொய் சொன்னா நாலு வருஷமும் பொய்யாயிடும் லா."

ஏழு மணிக்கு வேறொரு கரையில் வேலை முடித்து நபிலா வந்தார். மூன்று என்று மட்டும் எழுதினால் இங்கே முட்டையிடுவதே இல்லை என்றாகிவிடும் என்றார். குறிப்பு எழுத இடம் உண்டா என்று மலாயில் கேட்டேன். தாளை நீட்டினார். தமிழிலேயே எழுதச் சொன்னார். எழுத்துக் கூட்டி எழுதினேன்: 'இன்று நிறைய வந்தன. உதவ வந்தவர்கள் முட்டையிட விடவில்லை. கண்ணால் பார்த்தேன்.' கீழே என் முழுப்பெயர். அதற்குக் கீழே மைக் பிள்ளையையும் கையெழுத்துப் போட வைத்தேன்.

எட்டரை ரயிலில் திரும்பும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாவு வீட்டுக்கு உதவப் போகிறவர்கூட, செருப்பை வெளியே விட்டு, என்ன செய்யட்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் பாத்திரத்தில் கை வைப்பார். மூன்று பஸ் நிறைய வந்தவர்களில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி வாயில் வரவில்லை. வரும் அமாவாசைக்கு நானும் போகிறேன், நாலு மணிக்கே. கயிறு கட்டுகிறவர் முதலில் என்னிடம் கேட்டுவிட்டுக் கட்டட்டும்.