வேனுக்குள் கரண்ட் கொண்டுவந்த பிலோமினா அக்கா

அருள் அண்ணன் போன் செய்தபோது சோறு வடித்துக்கொண்டிருந்தேன். "பிலோ பூட்டாப்பா. நாளைக்கு அடக்கம்" என்றார். பம்மல் டிரான்ஸ்பார்மர் பட்டறையில் பிலோமினா அக்காவோடு வேலை பார்த்த உங்களில் பலருக்கும் செய்தி வந்திருக்கும். அவர் என் வீட்டுக்குச் செய்ததை உங்களில் யாரும் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

பட்டறையில் நான் கணக்கு எழுதினேன். அவர் டிரான்ஸ்பார்மருக்குச் செம்புக் கம்பிச் சுருள் சுற்றினார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவரும் கணவர் அருள் அண்ணனும் பழைய வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, கட்டில், அடுப்பு, சின்ன ஃபேன் என்று அதை வீடாகவே மாற்றினார்கள். கடலோரமாகக் கன்னியாகுமரி வரை போய், பிடித்த இடத்தில் தங்கவேண்டும் என்பது திட்டம். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரை அக்காவே செய்து, கட்டிலுக்கு அடியில் பொருத்தினார்; அதற்கான பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்தது. "வண்டி கிளப்புற பேட்டரி வேற, வூட்டு பேட்டரி வேற. ரெண்டையும் கலந்தா நடுரோட்ல தள்ளிக்கினுதான் போவணும்" என்று எல்லோரிடமும் விளக்குவார். நாங்கள் சிரிப்போம்.

வேன் வாங்கிய ஆண்டுதான் என் மனைவி வசந்தாவுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. கழுத்தில் போட்ட குழாய் வழியாகத்தான் மூச்சு. சளி அடைக்கும்போதெல்லாம் ஒரு மின்கருவியால் உறிஞ்சி எடுக்கவேண்டும். ஐப்பசி மழையில் நாங்கள் இருந்த கீழ்க்கட்டளையில் கரண்ட் போனது. மறுநாள் காலையிலும் வரவில்லை. மருந்து ஏற்றும் பெரிய ஊசிக்குழாயை வைத்து இழுத்து இழுத்து என் விரல்கள் மரத்துவிட்டன. வசந்தா என் சட்டையைப் பிடித்தபடியே கிடந்தாள். அவளால் பேச முடியாது. கண்கள் மட்டும் என்னை விடவில்லை. எதிர்வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பட்டறைக்குப் போன் செய்தார்.

அக்காவும் அருள் அண்ணனும் முழங்கால் தண்ணீரில் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். வசந்தாவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, கருவியை மாட்டினோம். ஒரு உறுமல். உடனே இன்வெர்ட்டர் பீப் என்று கத்திவிட்டு நின்றது. மறுபடி போட்டோம். மறுபடி நின்றது. வசந்தாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஏதாவது பண்ணுங்க!" என்று கத்தினேன்.

அவர் டிரைவர் சீட்டின் அடியிலிருந்து வரும் கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். "கொதிக்குது. ஃபேனுக்குன்னு போட்ட கம்பி இது. இம்மாந்தூரம் வர்றதுக்குள்ள கரண்டு செத்துப் பூடுது. இன்னாங்க, பேட்டரிய இங்க கொண்டாங்க!"

அருள் அண்ணன் வீட்டு பேட்டரியைப் பிடுங்கிப் பின்னால் கொண்டுவந்தார். கிளம்பாத வண்டிக்கு வேறு வண்டியிலிருந்து கரண்ட் கொடுக்கும் தடித்த கேபிள் ஒன்று வேனில் கிடந்தது. அக்கா அதைக் கைநீளத்துக்கு வெட்டினார். "நேரா குடு பிலோ, ஃப்யூஸ் அப்பால பாத்துக்கலாம்" என்று அண்ணன் கெஞ்சினார். நானும் கெஞ்சினேன்.

"வண்டி பத்திக்கினா அவள எங்க தூக்கிக்கினு ஓடுவீங்க?" என்றபடி அக்கா பெரிய ஃப்யூஸ் ஒன்றை வைத்து முடுக்கினார்.

கருவி ஓடியது. வசந்தாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மருத்துவமனை போய்ச் சேரும்வரை அது நிற்கவில்லை.

வீடு திரும்பிய பிறகும் கரண்ட் எப்போது போகுமோ என்ற பயத்திலேயே நாங்கள் கிடந்தோம். அதைப் பார்த்துவிட்டு, அக்கா இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் வேனிலிருந்து கழற்றி எங்கள் வீட்டில் பொருத்தினார். கன்னியாகுமரி என்னாவது என்று கேட்டேன். "கடல் எங்க பூடப்போவுது?" என்றார். அவர்கள் போகவே இல்லை.

அடுத்த கோடையில் வசந்தா போனாள். அன்று கரண்ட் இருந்தது, கருவி ஓடிக்கொண்டிருந்தது, அப்படியும் போனாள். வந்தவர்கள் விதி என்றார்கள், நேரம் என்றார்கள். அக்கா என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நாம எதையும் வுடல, சேகரு" என்றார். நீ என்று சொல்லவில்லை. நாம என்றார். அவரிடமிருந்து இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்தான்.

நேற்று பம்மலில், அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அருள் அண்ணன், "பிலோவ இன்னும் முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருக்கணுமாடா?" என்று என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நாம..." என்று தொடங்கினேன். மீதியை அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன்.