கண்ணை மூடி முப்பது எண்ணும் வரை

குளியலறைக் கதவின் தாழ்ப்பாளை என் மனைவி கழற்றி, துணியில் சுற்றி, அலுமாரியில் தன் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டார். திருகாணி நான்கும் ஒரு மாத்திரைப் போத்தலுக்குள். காரணம் இருந்தது. முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடியவன், மரம் சாய்வதுபோல் சாய்ந்தேன். உள்ளே தாழ்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தோளால் இடித்துத் திறந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு துவாயை என்மேல் எறிந்தார். அந்த மனிதரின் காணிப் பத்திரத்தை நான் மாவட்டக் கச்சேரியில் நிருவாக உத்தியோகத்தராக இருந்த காலத்தில் மூன்று தடவை திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தேன். அவர் மறந்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை.

டொக்டரின் விளக்கம் எளிமையானது. நெடுநாள் சீனி வருத்தத்தால் பாதத்து நரம்புகள் செத்துவிட்டன. நிலம் எங்கே இருக்கிறது என்ற தகவலைக் கால்கள் மேலே அனுப்புவதை நிறுத்திப் பல காலம். இத்தனை நாளும் கண்தான் பார்த்துப் பார்த்துச் சமாளித்திருக்கிறது. கண்ணை மூடினால் உடம்புக்கு ஒரு செய்தியும் இல்லை. வேலை செய்யாத கிளையின் வேலையையும் வேறு யாரோ சேர்த்துச் செய்து மறைத்துவிடுவதைக் கச்சேரிக் கந்தோரில் நிறையக் கண்டவன் நான். என் காலே அப்படி இருக்குமென்று தெரிந்திருக்கவில்லை.

"கிளினிக்கில நடக்கிற பயிற்சிக்குப் போங்கோ," என்றார் மனைவி. "கண்ணை மூடிக்கொண்டு, முப்பது எண்ணும்வரைக்கும் பிடிக்காமல் நிண்டு காட்டுங்கோ. அண்டைக்குத் தாழ்ப்பாளைத் தாறன்."

அதுவரை, கதவு அரை சாண் திறந்திருக்க நான் குளிக்க வேண்டும். முப்பத்தைந்து வருடம் மற்றவர்களுடைய விண்ணப்பங்களுக்கு நிபந்தனை போட்டவனுக்கு இது.

எங்கள் தீவுக்குள் இருந்த ஒரு சிறிய கிளினிக்கில் செவ்வாய்தோறும் பயிற்சி. பயிற்சி அறைக் கதவுக்குப் பக்கத்துப் பலகையில், 'பாதணிகளை வெளியே கழற்றவும்' என்று ஒரு தாள் குத்தியிருந்தது. உள்ளே போனதும் எங்கள் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள். அதன் முதல் வரி: 'வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம்.' இரண்டிலும் ஒரே றப்பர் முத்திரை. நான் சுட்டிக்காட்டினேன்.

"தரை புதுசா மினுக்கினது ஐயா," என்றார் பயிற்சி தரும் இளம் பிள்ளை, பாவம், தலையைக் குனிந்துகொண்டு. "மேலிடத்திலிருந்து பார்க்க வருவினம்."

பார்க்க வருகிறவர்களின் கால்களுக்கு உணர்ச்சி இருக்கும். நான் முறைப்படி கடிதம் எழுதிப் பிரதிகளோடு அனுப்பினேன். பதில் வராதென்று தெரிந்துதான் எழுதினேன்.

பயிற்சி இதுதான்: கதிரையில் கை ஊன்றாமல் எழும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது, தரையில் ஒட்டிய சிவப்பு நாடாமேல் குதிகாலும் விரலும் முட்ட முட்ட நடப்பது, கடைசியில் சுவரோரம் கண்ணை மூடி நிற்பது. பேசாலையிலிருந்து வந்த ஒரு வயதான சம்மாட்டி, மூன்று படகுக்குச் சொந்தக்காரர், எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"வள்ளத்தில நிண்ட கால் சேர் இது. தரையில நிக்கிறதுக்கு எனக்குப் படிப்போ?"

கண்ணை மூடி நான்கு எண்ணுவதற்குள் அவர் சுவரில் போய் ஒட்டினார். நான் ஆறு. அதற்கும் அவர் விடவில்லை.

"ஒரு காலத்தில மாவட்டமே சேரின்ர கையெழுத்துக்கு ஆடினது. இப்ப சேர் ஆடுறார்."

யன்னலுக்கு வெளியே ஒரு கழுதை வேலியோரமாக நின்றபடி தூங்கிக்கொண்டிருந்தது. அந்த வளவுக்குள் பரீட்சையில் சித்தியடையக் கூடியது அது ஒன்றுதான்.

நான்காவது செவ்வாய், நாடாமேல் நடக்கும்போது, 'டிக்' என்று ஒரு சத்தம். இரண்டடிக்கு ஒரு தடவை. யாரோ காலில் எதையோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், தங்கள் காலைக்கூடக் கவனிக்கத் தெரியாத சனம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நான் நின்றேன். சத்தமும் நின்றது.

அந்தப் பிள்ளை என்னைக் கதிரையில் இருத்தி வலது பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். தாள் குத்துகிற தட்டைத் தலை ஊசி, தலைவரைக்கும் இறங்கியிருந்தது. வாசல் பலகையில் அந்த அறிவித்தல் ஒரு மூலை கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நோகேல்லையே ஐயா?"

"இல்லை."

சம்மாட்டி குனிந்து பார்த்தார். மெதுவாகத் தன் இரண்டு பாதங்களையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

புண் ஆறும்வரை மூன்று செவ்வாய் போகவில்லை. வீட்டில், குசினி மேசையைப் பிடித்துக்கொண்டு கதிரைப் பயிற்சி மட்டும் செய்தேன். திரும்பிப் போனபோது அறிவித்தல் அதே இடத்தில் இருந்தது, இப்போது பசைநாடாவால் ஒட்டப்பட்டு. நிருவாகம் நடவடிக்கை எடுத்திருந்தது. நான் சப்பாத்தோடு உள்ளே போனேன். எனக்குப் பின்னால் சம்மாட்டியும் சப்பாத்தோடு வந்தார், மகனுடையதாம், புத்தம் புதுசு. பிள்ளை எங்கள் கால்களைப் பார்த்தார், பிறகு யன்னலைப் பார்த்தார். அந்தத் தாளைவிட அவருக்கு மூளை இருந்தது.

மழைக்காலம் முடியும் நேரம், குசினிச் சுவரோரம் மனைவி முன்னால் நின்றேன். கண்ணை மூடினேன். அவர் எண்ணினார். என் வாழ்நாளில் இவ்வளவு ஆறுதலாக யாரும் எண்ணிக் கேட்டதில்லை. இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் அடுப்பில் கறியைக் கிளறினார் என்றே சந்தேகம். கணுக்கால்கள் நடுங்கின. முப்பது.

அவர் அலுமாரியைத் திறந்து பொதியையும் போத்தலையும் தந்தார். நானே திருகாணிகளை முடுக்கினேன்.

மறுநாள் குளிக்கப் போனேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். சவர்க்காரத்தையும் பார்த்தேன். குசினியில் நான் சப்பாத்தோடு, காய்ந்த தரையில் நின்றவன்; இங்கே ஈரத்தரை, வெறுங்கால். பிறகு தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றி, மற்றக் கையால் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டேன்.

"நிக்கிறீங்களோ?" வெளியிலிருந்து குரல். கதவுக்கு அந்தப் பக்கம் கதிரை போட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஓம், நிக்கிறன்."

"பூட்டின சத்தம் கேக்கேல்லை."

நான் சுவரிலிருந்து கையை எடுக்காமல் முகத்தைக் கழுவினேன்.