மங்களம் அக்காவின் நல்ல காது

மங்களம் அக்காவின் கணவர் தனபால் அண்ணன் தொலைபேசியில் அழைத்தபோது நான் பசியாறிக்கொண்டிருந்தேன். "சரோ, அக்கா போயிட்டா லா," என்றார். அக்கா காலையில் எழுந்து தேநீர் கலக்கியிருக்கிறார். கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பாதி குடித்திருக்கிறார். அவ்வளவுதான். "பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சா அண்ணே?" என்று கேட்டேன். "இல்லம்மா, இன்னும் போடல," என்றார். அந்த நேரத்தில் அதை ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்கு அது விசித்திரமாகப் படவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அக்காவோடு ஹோட்டலில் வேலை பார்த்த நம்மில் பலர் அன்று கிள்ளான் வீட்டுக்கு வந்திருந்தோம். வர முடியாமல் போனவர்களும் உண்டு. எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். கோலாலம்பூரில் பெரிய ஹோட்டல்; ஆனால் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் எங்கள் தொலைபேசி அறை அடித்தளத்தில், சன்னலே இல்லாத இடத்தில் இருந்தது. அக்கா எனக்குச் சில ஆண்டுகள் மூத்தவர். ஒரு காதில் கேட்கும் குமிழ், வாய்க்கு நேரே ஒலிவாங்கி என்று கட்டிப்போட்ட கருவி ஒன்றை நாள் முழுவதும் தலையில் மாட்டியிருக்க வேண்டும். அதை அக்கா மனதார வெறுத்தார். ஒருமுறை மேல்மாடி விருந்தாளி ஒருவர், அழைப்பு கிடைக்கத் தாமதமானதற்காகக் கத்தத் தொடங்கினார். அக்கா கருவியைக் கழற்றிக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டார். அறையில் இருந்த எங்கள் எல்லோருக்கும் வசவு கேட்டது. அது ஓய்ந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டு, குழைவான ஆங்கிலத்தில், "சொல்லுங்கள் ஐயா, என்ன உதவி வேண்டும்?" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "காது என்னா குப்பத்தொட்டியா?" என்றார்.

அப்படிப்பட்டவர், மிச்ச நேரத்தில் இன்னொரு ஹெட்போனைத் தலையில் மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. காரணம் எளிது. அப்போது அவர் பிரிக்பீல்ட்ஸில் கணவரின் பெற்றோர், கொழுந்தன் குடும்பம் என்று எல்லோரோடும் ஒரே வீட்டில் இருந்தார். தொலைக்காட்சி ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். கச்சேரி கேட்க வேண்டுமென்றால் ஹெட்போன்தான் வழி. முதல் ஜோடியை அவசரப்பட்டு வாங்கினார். காதை இறுக மூடும் கனத்த வகை. எங்கள் ஊர் வெயிலில் அதை மாட்டினால் கன்னத்தில் வேர்வை வழியும். கொண்டைக்கு மேல் பட்டை நிற்காது. தோட்டைக் கழற்றாவிட்டால் காது மடல் புண்ணாகும். போதாததற்கு, அவர் வயலினில் மூழ்கியிருந்தபோது அடுப்பில் பருப்பு தீய்ந்துபோனது. மாமியார், "ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு ஒக்கார்றது பத்தாதுன்னு வீட்டுக்கும் கொண்டாந்துட்டியா?" என்று கேட்டாராம். அடுத்த நாள் அக்கா இதைச் சொல்லிச் சிரித்தார். "அவங்க சொன்னதுல நியாயம் இருக்கு சரோ. வெலையப் பாத்தேன், என் தலையப் பாக்கல."

அதற்குப் பிறகுதான் நாங்கள் பெட்டாலிங் ஜெயாவில் லிம் என்பவரின் ஒலிக்கருவிக் கடைக்குப் போகத் தொடங்கினோம். விடுமுறை நாளில் மினி பஸ் பிடித்துப் போவோம். எனக்கு அந்தக் கடையில் பிடித்தது குளிர்சாதனம்தான், உண்மையைச் சொல்கிறேன். அக்கா உள்ளே போனதும் தோட்டைக் கழற்றிக் கைப்பையில் போடுவார். வீட்டிலிருந்து கொண்டுவந்த இசைத்தட்டைத்தான் ஓட்டச் சொல்வார். கடைக்காரர் தன் தட்டைப் போட்டால், "ஒங்க தட்டு எதுல போட்டாலும் நல்லாத்தான் லா இருக்கும்," என்பார். சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் கேட்பார். சத்தமாக வைத்தால் எல்லாமே முதலில் நன்றாக இருப்பதுபோல் தோன்றும் என்பது அவர் கண்டுபிடிப்பு. ஒன்றை மாட்டினால் தட்டின் ஒரு பக்கத்தை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் கழற்றுவார். "காது வந்து ஒக்கார நேரம் குடு," என்பார் என்னிடம். மிருதங்கத்தில் விரல் படுவது கேட்கிறதா, தோல் அதிர்வது மட்டும் கேட்கிறதா என்று பார்ப்பார். லிம் முதலில் பொறுமை இழந்தார். பிறகு பழகிக்கொண்டு எங்களுக்கு நாற்காலி போட்டார். கடைசியில் வீட்டுக்கென்று அக்கா எடுத்தது பின்பக்கம் திறந்த, எடை குறைந்த வகை. காற்று போகும், யாராவது கூப்பிட்டாலும் கேட்கும். பருப்பு அதற்குப் பிறகு தீயவில்லை.

எண்பதுகளில் தனபால் அண்ணனுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை மாற்றலானது. அவர்கள் கிள்ளானில் வீடு வாங்கிப் போனார்கள். அக்கா கூட்டரசு நெடுஞ்சாலையில் தினமும் பஸ்ஸில் வந்துபோனார். கையடக்க கேசட் கருவிகள் எல்லோர் இடுப்பிலும் தொங்கிய காலம் அது. அதோடு வரும் பஞ்சு வைத்த சின்ன ஹெட்போனை அக்கா ஒரு வாரம் போட்டுப் பார்த்தார். பஸ் இயந்திரம் ஒரு பக்கம், ஓட்டுநர் வைத்த பாட்டு ஒரு பக்கம். அவற்றை அமுக்கச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அதனால் வீட்டுக்கு எதை வேண்டாமென்று ஒதுக்கினாரோ, அதே மூடிய வகையில் சிறியதாக ஒன்றை வழிப்பயணத்துக்கு எடுத்தார். "வீட்டுக்கு நல்லது பஸ்ஸுக்கு ஆவாது," என்றார்.

அந்த ஆண்டுகளில் அவருக்கு ஒரு கனவு இருந்தது. லிம் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஹெட்போன் வைத்திருந்தார்கள். காகிதத்தைவிட மெல்லிய சவ்வு ஒன்று மின்சாரத்தில் அதிர்ந்து ஒலி எழுப்பும் வகை. அதை இயக்கவே தனியாக ஒரு பெட்டி வேண்டும். அக்கா ஒருமுறை அதில் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வில்லுக்கும் கம்பிக்கும் நடுவுல நான் ஒக்காந்திருந்தேன் சரோ," என்றார். அதற்காகப் பணம் சேர்க்கத் தொடங்கினார். சேர்ந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

அன்று நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அக்கா மாட்டிக்கொண்டார். தட்டு ஓடியது. முகம் சுருங்கியது. "லிம், இது ரோசாக் ஆயிருக்கு லா, கெட்டுப்போச்சு. வலப்பக்கம் மங்கலா கேக்குது. வயலின் தூரத்துல இருக்கு."

லிம் வந்து கம்பிகளைக் கழற்றி மாட்டினார். தானே போட்டுக் கேட்டார். "நல்லாத்தானே இருக்கு?" என்றார். அக்கா மறுபடி மாட்டினார், தலையசைத்தார். அப்போது லிம், எல்லாக் கடைக்காரர்களும் செய்வதுபோல, ஹெட்போனைத் திருப்பி, வலதை இடதாகவும் இடதை வலதாகவும் மாட்டிவிட்டார். கருவியில் கோளாறென்றால் மங்கல் இப்போது இடப்பக்கம் போயிருக்க வேண்டும்.

அக்கா கேட்டார். வயலின் இப்போது இடப்பக்கம் பளிச்சென்று வந்தது. மங்கல் வலப்பக்கத்தை விட்டு நகரவில்லை. அவர் மெதுவாக ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். லிம்முக்கும் புரிந்துவிட்டது; அவர் குனிந்து கம்பியைச் சுருட்டத் தொடங்கினார். "மிசின்ல ஒண்ணும் இல்ல," என்றார் அக்கா. "நாங்க அப்புறம் வரோம்."

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து தோட்டை மறுபடி மாட்டிக்கொண்டார். திருகாணி நழுவிக் கீழே விழுந்தது. நான் குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். "ஹோட்டல்ல தெரிஞ்சா அனுப்பிடுவாங்களா சரோ?" என்று கேட்டார். பாட்டைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "மொதல்ல டாக்டரப் பாப்போம் க்கா," என்றேன்.

மருத்துவர் சோதித்தார். வலக்காதில் பாதிக்கு மேல் போய்விட்டது, திரும்பாது என்றார். வேலையில் மாட்டிய கருவியாலா, சின்ன வயதில் வந்த காய்ச்சலாலா என்று சொல்ல முடியாது. இன்னொரு காதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அக்கா மறுநாளே மேலாளரிடம் நேரில் போய் இதைச் சொன்னார். நாங்கள் எல்லோரும் வெளியே காத்திருந்தோம், உங்களுக்கு நினைவிருக்கும். மேலாளர் இரண்டு வாரம் யோசித்தார். அந்த இரண்டு வாரமும் அக்கா எங்களோடு அதிகம் பேசவில்லை. இடக்காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேலையை மட்டும் பார்த்தார். பிறகு முன்பதிவுப் பிரிவுக்கு மாற்றினார்கள். சன்னல் உள்ள அறை. அங்கிருந்து எங்களுக்குத் தொலைபேசியில் அழைத்து, "இங்க மழ பெய்யுது, ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அன்றுதான் அவர் பழைய குரல் திரும்பியது.

ஹெட்போன் ஆசையை விட்டிருப்பார் என்றுதான் நான் நினைத்தேன். சில மாதம் கழித்து, "சனிக்கெழம லிம் கடைக்குப் போலாமா?" என்றார். கடையில் நேரே அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். லிம் தயங்கினார். நல்ல மனிதர், விற்கத்தான் கடை வைத்திருக்கிறார், ஆனாலும் தயங்கினார். அக்காவுக்கு வேண்டிய இன்னொன்று, இரண்டு பக்கத்து ஒலியையும் ஒன்றாகக் கலந்து தரும் பொத்தான் உள்ள ஆம்ப்ளிஃபயர். அப்போதுதான் வலப்பக்கம் போகும் வயலினும் இடக்காதுக்கு வந்து சேரும். "இவ்வளவு உசத்தியான ஹெட்போன வாங்கி ரெண்டையும் ஒண்ணாக் கலந்து கேக்கப் போறீங்களா? சாயாங் லா, வீணாப் போயிடும்," என்றார் லிம், மலாயும் தமிழுமாக.

அக்கா சிரித்தார். "எனக்கு நல்ல காது ஒண்ணுதான் லா இருக்கு. அதுக்கு நல்லதாக் குடுக்க வேணாமா?"

வாங்கினார். தனபால் அண்ணன் கார் கொண்டுவந்து பெட்டிகளை ஏற்றினார். வழியெல்லாம் அக்கா பின் இருக்கையில், பெட்டியைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு வந்த ஆண்டுகள் நல்ல ஆண்டுகள். ஹோட்டலில் யாருக்கு ஹெட்போன் வேண்டுமென்றாலும் அக்காவிடம்தான் கேட்பார்கள். முன்பதிவுப் பிரிவின் தெரேசா ஒருமுறை, கையடக்கக் கருவிக்கென்று கடையிலேயே விலை கூடியதை எடுக்கப் பார்த்தாள். "அந்தச் சின்ன பேட்டரியால இத இழுக்க முடியாது பிள்ள. சத்தமே வராது. எதோட மாட்டப் போற, எங்க ஒக்காந்து கேக்கப் போற, அத மொதல்ல சொல்லு," என்று சொல்லி, அதில் பாதி விலைக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தெரேசா இன்னும் அதைத்தான் வைத்திருக்கிறாள்.

ஓய்வு பெற்ற பிறகு அக்காவை அடிக்கடி பார்க்க முடியவில்லை. போன தீபாவளிக்குப் பிறகு ஒரு பிற்பகல் கிள்ளான் வீட்டுக்குப் போனேன். முறுக்கும் தேநீரும் வைத்துவிட்டு, "புதுசா ஒரு சிடி வாங்கினேன். ரெட்ட நாயனம், அண்ணன் தம்பி. பெரியவரு வலப்பக்கம், சின்னவரு இடப்பக்கம்னு அட்டையில போட்டிருக்கு. ரெண்டு பேரும் மாறி மாறி வாசிக்கிறாங்க. எனக்கு ரெண்டு பேரும் ஒரே எடத்துல ஒக்காந்திருக்காங்க. யாரு எப்ப வாசிக்கிறாங்கன்னு தெரியல. நீ கேட்டுச் சொல்லு," என்றார். கலக்கும் பொத்தானை விடுவித்து, அந்த ஹெட்போனை என் தலையில் மாட்டினார்.

தட்டு ஓடியது. வாசிப்பு வேகமாக மாறிக்கொண்டிருந்ததால் வாயால் சொல்லி முடிக்க இயலவில்லை. வலப்பக்கத்தவர் வாசித்தால் வலக்கையை உயர்த்தினேன். இடப்பக்கத்தவர் வாசித்தால் இடக்கையை. இருவரும் சேர்ந்தால் இரண்டையும். அக்காவுக்குத் தட்டு அதற்குள் மனப்பாடம். எதிரே உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, வாய்க்குள் முனகியபடி, என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அட, அது சின்னவரா! பெரியவருன்னு நெனச்சேன்!" என்று அவர் உதடு சொன்னது தெரிந்தது. உள்ளே வந்த தனபால் அண்ணன், கூடத்தின் நடுவில் நான் கைகளைத் தூக்கித் தூக்கி இறக்குவதையும், எதிரே தன் மனைவி கண்ணில் நீர் வரச் சிரிப்பதையும் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

காரியம் முடிந்த அன்று அந்த ஹெட்போனை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அண்ணன். நான் வேண்டாமென்றேன். "நீங்க கேளுங்க அண்ணே," என்று எப்படிப் போடுவதென்று காட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். என்னிடம் இருப்பது அந்தப் பிற்பகல். எங்காவது கல்யாண வீட்டில் இரட்டை நாயனம் கேட்டால் மடியில் கிடக்கும் என் கைகள் இப்போதும் தாமாக எழுகின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.