வலது கை மட்டும்

எங்கள் இன்சூரன்ஸ் ஆபீசில் இருபத்து நான்கு வருடம் கம்ப்யூட்டரில் பாலிசி அடித்தவன் எல்பியோ. எங்கள் மொந்தேவீதேயோ நகரத்தில் பாதிப் பேருக்கு அவனைக் கார்னிவல் திருவிழா மேடையில் முகச்சாயத்தோடு கோரஸ் பாடுகிறவனாகத்தான் தெரியும். எங்களுக்கோ, விசைப்பலகையைக் குனிந்தே பார்க்காமல் பத்து விரலாலும் பொரிந்து தள்ளுகிறவன்.

அவனுடைய உயிர்த்தோழன் ஆவணப் பிரிவு வால்டெமார். எல்பியோ மகளின் ஞானஸ்நானத்தில் அவள் தலையில் கை வைத்த ஞானத்தந்தை. அவன் தட்டச்சு ஒரு கூத்து. இடது அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க், இடது கையில் மாத்தே என்ற கசப்புத் தேநீர்க் குடுவை. ஒரு வாய் உறிஞ்சுவான், வலது கையால் மட்டும் அடிப்பான். குடுவையைக் கீழே வைத்துவிட்டு அவன் ஒரு எழுத்து அடித்து நான் பார்த்ததில்லை.

ஜனவரியில் எங்கள் பிரிவுக்குப் புதுப் பாதுகாப்பு வந்தது. பாஸ்வேர்டு மட்டும் போதாதாம். விரல் எந்த விசையில் எவ்வளவு நேரம் நிற்கிறது, அடுத்ததற்கு எப்படித் தாவுகிறது என்று பத்து நாள் பார்த்து, கம்ப்யூட்டரே ஆளைத் தெரிந்துகொள்ளும். சுற்றறிக்கை வந்தது. எவன் படித்தான்?

அதே பத்து நாள்தான் எல்பியோவுக்குக் கடைசி ஒத்திகை.

"நீ போய்ப் பாடுடா. உன் பாலிசிய நான் அடிக்கிறேன்" என்றான் வால்டெமார்.

"ஒத்தக் கையாலயா? அடுத்த கார்னிவலே வந்துரும்டா!"

"போடா, உன் தொண்டைக்கு என் ஒத்தக் கை எவ்வளவோ மேல்."

கார்னிவல் சமயத்தில் ஒருவர் வேலையை ஒருவர் பார்ப்பது இங்கே எல்லோரும் செய்வதுதான். எல்பியோ பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். திரும்பி வந்து உட்கார்ந்தால், பத்து நாளும் வால்டெமாரின் ஒற்றைக் கையைப் பழகிய கம்ப்யூட்டர், நீ எல்பியோ இல்லை என்று அவனை வெளியே தள்ளியது.

தலைமை அலுவலகத்திலிருந்து இவோன் என்ற அதிகாரி வந்தாள்.

"உங்க பேர்ல வேற யாரோ அடிச்சிருக்காங்க. ஆபீஸ் ஆளுன்னா ரெண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். வெளியாளுன்னா பாஸ்வேர்ட வித்ததா அர்த்தம். வேலை போயிடும்."

எல்பியோ சிரித்தேவிட்டான். "டேய் வால்டெமார், சொல்லுடா!"

அந்த மாதம்தான் எங்கள் பிரிவுக்கும் ஆவணப் பிரிவுக்கும் சேர்த்துத் தலைவர் பதவிக்கு வால்டெமாரைப் பரிந்துரைத்திருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் வந்தால் பதவி போச்சு.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, மேடம்."

"அப்ப அடிச்சுக் காட்டுங்க."

ஃபிளாஸ்க்கை இறக்கினான். குடுவையை மேசையில் வைத்தான். இரண்டு கையாலும் தடவித் தடவி அடித்தான், பாவி. பொருந்தவில்லை என்றது கம்ப்யூட்டர்.

எல்பியோ குடுவையை எடுத்து அவன் இடது கையில் திணித்தான். "இதப் பிடிச்சுக்கிட்டு அடிடா. என் பொண்ணு தலைல வச்ச கைடா அது."

வால்டெமார் குடுவையைத் திரும்ப மேசையிலேயே வைத்தான். "நான் எப்பவும் ரெண்டு கையாலதான் அடிப்பேன், மேடம். வேணும்னா இவங்களக் கேளுங்க."

இவோன் என்னைப் பார்த்தாள். நாளைக்கு எனக்கு மேலே உட்காரப்போகிறவன் அவன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "ஆமா மேடம், ரெண்டு கையாலதான்" என்றேன்.

எல்பியோ வால்டெமாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். அன்றே அவன் வேலை போனது.

இப்போது ஆவணப் பிரிவிலும் அந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது. தலைவர் வால்டெமார் இரண்டு கையாலும் தடவித் தடவித்தான் அடிக்கிறான்; ஒற்றைக் கையால் அடித்தால் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துவிடுமே. காலையில் குடுவையை என் பக்கம் நீட்டுகிறான். வாங்கிக் குடிக்கிறேன்.